முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேருக்கு வராதா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கணவன், மனைவி இருவருமே பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கேரியர்கள், அதாவது நோய் இல்லாமலே பழுதான மரபணுவைச் சுமப்பவர்கள். முதல் குழந்தைக்கு நோய் இருப்பது தெரிந்த பிறகுதான் அவர்களுக்கே அது தெரியவந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒன்று வாய்ப்பு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வீட்டுப் பெரியவர்களோ, "நான்கில் ஒன்று வந்தாயிற்றே, இனி மூன்று பேருக்குப் பயமில்லை" என்கிறார்கள். அது சரியா? கூடவே இன்னொரு கேள்வி: நோய்க்கு இப்படிக் கணக்குப் போட முடிகிறதென்றால் உயரம், நிறம், கண், புத்திசாலித்தனம் இவற்றுக்கும் போட முடியாதா?

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: இல்லை. அடுத்த குழந்தைக்கும் நான்கில் ஒன்றுதான். அதற்கடுத்ததற்கும் அதே நான்கில் ஒன்றுதான். ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் இரண்டாவது கேள்விக்கான பதிலில் பாதி கைக்கு வந்துவிடும்.

பீட்டா குளோபின் என்ற புரதத்துக்கான மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. நம் எல்லோரிடமும் அதற்கு இரண்டு பிரதிகள், அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. கேரியரிடம் ஒரு பிரதி பழுதாகியிருக்கும், மற்றது ஒழுங்காக வேலை செய்யும். நல்ல பிரதி ஒன்று இருந்தாலே காலம் ஓடிவிடும். லேசான சோகையும் வழக்கத்தைவிடச் சிறிய சிவப்பணுக்களும் இருக்கும், அவ்வளவுதான். இரும்புச்சத்துக் குறைவு என்று நினைத்து வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடும் கேரியர்களும் உண்டு. விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது இரண்டு பிரதிகளில் ஏதோ ஒன்றுதான் அதற்குள் போகும். அப்பாவிடமிருந்து பழுதான பிரதி வர இரண்டில் ஒன்று, அம்மாவிடமிருந்து வர இரண்டில் ஒன்று, இரண்டும் ஒரே குழந்தைக்கு வந்து சேர நான்கில் ஒன்று. ஒன்று மட்டும் வந்து குழந்தையும் கேரியராக இருக்க நான்கில் இரண்டு. இரண்டுமே நல்லதாக அமைய நான்கில் ஒன்று. பள்ளிப் புத்தகத்தில் நான்கு அறை போட்டுக் காட்டுவார்களே, புன்னெட் கட்டம், அது இதைத்தான் சொல்கிறது.

அந்தக் கட்டத்தின் நான்கு அறைகளையும் நான்கு குழந்தைகள் என்று படித்துவிடுவதுதான் பெரியவர்கள் செய்த பிழை. கட்டம் முழுவதும் ஒரே ஒரு குழந்தைக்கானது. அடுத்த குழந்தைக்குப் புதிய விந்தணு, புதிய கருமுட்டை, மறுபடியும் முழுக் கட்டம். முதல் முறை எந்தப் பிரதி போனது என்ற சேதி அடுத்த விந்தணுவுக்குப் போய்ச் சேர வழியே கிடையாது. வரிசையாக மூன்று பெண் குழந்தைகள் பிறந்த வீட்டில் "அடுத்தது நிச்சயம் ஆண்தான்" என்று சொல்வதும் இதே பிழைதான்.

இப்படிப்பட்ட ஒரு தம்பதிக்கு நான்கு குழந்தைகள் பிறந்தால் என்னென்ன நடக்கலாம் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். நால்வரில் ஒருவருக்கும் நோய் வராமல் போக முக்காலை நான்கு முறை பெருக்க வேண்டும்: 256இல் 81, அதாவது கிட்டத்தட்ட 32 சதவீதம். சரியாக ஒருவருக்கு மட்டும் வர 42 சதவீதம். இருவருக்கு வர 21 சதவீதம். மூவருக்கு வர 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. நால்வருக்கும் வர 256இல் ஒன்று. "நான்கில் ஒன்று" என்ற சொல்லைக் கேட்டதும் மனதில் வரும் அந்த ஒழுங்கான குடும்பம், நால்வரில் ஒருவருக்கு மட்டும் நோய் உள்ள குடும்பம், பாதிக்கும் குறைவான வீடுகளில்தான் அமைகிறது.

இந்த விகிதங்களை முதலில் கண்டுபிடித்த கிரெகோர் மெண்டலின் பட்டாணியிலும் இதே கதைதான். 1866இல் வெளிவந்த கட்டுரையில் அவர் கொடுத்த எண்ணிக்கை 5,474 உருண்டை விதைகள், 1,850 சுருங்கிய விதைகள். விகிதம் 2.96க்கு 1. பாடப்புத்தகங்கள் இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அதே கட்டுரையில் அவர் இன்னொன்றையும் குறித்திருக்கிறார்: ஒரு செடியில் 43 உருண்டை, 2 மட்டுமே சுருங்கியவை, வேறொரு செடியில் 14 உருண்டை, 15 சுருங்கியவை. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட விதைகளைச் சேர்த்து எண்ணும்போது தெரிகிற மூன்றுக்கு ஒன்று, ஒற்றைச் செடியில் காணாமல் போய்விடுகிறது. செடியிலேயே இப்படியென்றால் இரண்டு, மூன்று குழந்தைகள் உள்ள வீட்டில் விகிதத்தைத் தேடிப் பயனில்லை.

இதற்கு நேரெதிரான ஒரு மயக்கமும் இருக்கிறது. தலசீமியா வார்டில் வேலை பார்ப்பவர்களிடம் கேட்டால், "நான்கில் ஒன்று எல்லாம் பேச்சுக்கு, நாங்கள் பார்க்கிற குடும்பங்களில் பாதிக்கு மேல் குழந்தைகளுக்கு இருக்கிறது" என்று சொல்லக்கூடும். அவர்கள் பொய் சொல்லவில்லை. இருவருமே கேரியராக உள்ள 16 தம்பதிகளை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொருவருக்கும் இரண்டு குழந்தைகள். சராசரியாக 9 வீடுகளில் யாருக்கும் நோய் இருக்காது, 6 வீடுகளில் ஒருவருக்கு, 1 வீட்டில் இருவருக்கும். மொத்தம் 32 குழந்தைகளில் 8 பேர், சரியாக நான்கில் ஒன்று. ஆனால் அந்த 9 வீடுகள் மருத்துவமனைப் பக்கமே வர மாட்டா. வருகிற 7 வீடுகளில் உள்ள 14 குழந்தைகளில் 8 பேருக்கு நோய்: 57 சதவீதம்! யாரை எண்ணுகிறோம் என்பது மாறியதும் விகிதமே மாறிவிட்டது. வில்ஹெல்ம் வைன்பெர்க் என்ற ஜெர்மன் மருத்துவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தப் பொறியைக் கண்டு, அதைத் திருத்தும் வழியையும் சொன்னார்.

இங்கிருந்துதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. நிகழ்தகவு என்பது மரபணுவுக்குள் எழுதி வைத்த எண் என்று பலர் நினைக்கிறார்கள். குழந்தை கருவானதுமே இரண்டு பிரதிகளும் எவை என்பது முடிந்துபோன சங்கதி. "நான்கில் ஒன்று" என்பது நமக்குத் தெரிந்ததை வைத்து நாம் சொல்லும் எண். புதிதாக ஏதேனும் தெரியவந்தால் எண் மாறும், மாறத்தான் வேண்டும். மரபணு ஆலோசகர்களின் வேலையில் பெரும்பகுதி இப்படி எண்ணை மாற்றுவதுதான்.

இதே வீட்டில் இரண்டாவதாக ஒரு பெண் பிறந்து, நோயில்லாமல் வளர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் கேரியராக இருக்க வாய்ப்பு என்ன? இரண்டில் ஒன்று என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். நான்கு அறைகளில் நோய் உள்ள அறையில் அவள் இல்லை என்று தெரிந்துவிட்டது. அந்த அறையை அடித்துவிட வேண்டும். மிச்சம் மூன்று, அதில் இரண்டு கேரியர். ஆக, மூன்றில் இரண்டு. அவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து ஹீமோகுளோபின் ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கேரியர் என்று முடிவாகிவிடும். அப்போது மூன்றில் இரண்டு என்ற எண்ணுக்கே வேலை இல்லை. அவள் உடம்பில் எதுவும் மாறவில்லை, நமக்குத் தெரிந்ததுதான் மாறியது.

இதே தம்பதியின் அடுத்த கர்ப்பத்துக்கும் இது பொருந்தும். முதல் குழந்தைக்கு எந்தெந்தப் பிறழ்வுகள் (மரபணுவில் நேர்ந்த பழுதுகள்) வந்தன என்பது தெரிந்திருந்தால், கர்ப்பத்தின் மூன்றாவது மாத வாக்கில் நஞ்சுக்கொடித் திசுவில் சிறு மாதிரி எடுத்தோ, நான்காவது மாதத்தில் பனிக்குட நீரை எடுத்தோ கருவின் மரபணுவையே பார்த்துவிடலாம். அதற்குப் பிறகு நான்கில் ஒன்று என்ற பேச்சே இல்லை. ஆம் அல்லது இல்லைதான். எனவே உறவினர்களின் கணிதத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, கர்ப்பத்துக்கு முன்பே ஒரு மரபணு ஆலோசகரைப் பார்ப்பது உருப்படியான காரியம்.

எண் மாறுவதற்கு நல்ல உதாரணம், ரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோஃபீலியா. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதனால் பழுதான பிரதி வந்தால் நோய் வந்துவிடும். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் பெரும்பாலும் கேரியராக இருந்துவிடுவாள். ஒரு பெண்ணின் தாய்மாமனுக்கும் தம்பிக்கும் ஹீமோஃபீலியா என்றால் அவளுடைய அம்மா நிச்சயம் கேரியர். அவள் கேரியராக இருக்க இரண்டில் ஒன்று. இப்போது அவளுக்கு மூன்று மகன்கள், மூவருக்கும் நோயில்லை. இன்னும் இரண்டில் ஒன்றுதானா?

அவளைப் போல 16 பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் மும்மூன்று மகன்கள். எட்டுப் பேர் கேரியர், எட்டுப் பேர் இல்லை. கேரியர் அல்லாத எட்டுப் பேரின் மகன்களும் நன்றாகவே இருப்பார்கள். கேரியரின் ஒவ்வொரு மகனுக்கும் தப்பிக்க இரண்டில் ஒன்று; மூவருமே தப்பிக்க எட்டில் ஒன்று. ஆக, கேரியர் எட்டுப் பேரில் ஒருவருக்குத்தான் மூன்று மகன்களும் நன்றாக அமைவார்கள். மொத்தத்தில் "மூன்று மகன்களும் ஆரோக்கியம்" என்று சொல்லக்கூடியவர்கள் ஒன்பது பேர், அவர்களில் கேரியர் ஒருவர். இரண்டில் ஒன்று, ஒன்பதில் ஒன்றாக இறங்கிவிட்டது. பேயஸ் தேற்றம் என்று தனியாகப் பயமுறுத்துகிறார்களே, அது இவ்வளவுதான்.

இதற்கும் தொடக்கத்தில் பார்த்த தலசீமியாவுக்கும் என்ன வித்தியாசம்? அங்கே பெற்றோர் இருவரும் கேரியர் என்பது உறுதியாகத் தெரியும். முதல் குழந்தையால் அது தெரியவந்த பிறகு, அந்தக் குழந்தை புதிதாகச் சொல்ல வேறு எதுவும் இல்லை, அதனால் எண் மாறவில்லை. இங்கே அம்மா கேரியரா என்பதே சந்தேகம். ஒவ்வொரு மகனும் அந்தச் சந்தேகத்தைப் பற்றி ஒரு துப்புக் கொடுக்கிறான். பிறந்த குழந்தைகளைப் பார்த்துப் பிறக்கப்போகும் குழந்தையின் வாய்ப்பை மாற்றுவது சில இடங்களில் மூடநம்பிக்கை, சில இடங்களில் சரியான கணிதம். எது எங்கே என்று பிரிப்பது பெற்றோரைப் பற்றி நமக்கு இருக்கும் சந்தேகம்தான்.

குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லாதவர்களுக்கும் கணக்கு உண்டு. பீனைல்கீட்டோனூரியா என்று ஒரு நோய், பழுதான இரண்டு பிரதிகள் சேர்ந்தால்தான் வரும். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் ஏறத்தாழ 10,000 பிறப்புகளில் ஒருவருக்கு வருகிறது. அப்படியென்றால் மக்கள்தொகையில் உள்ள மொத்தப் பிரதிகளில் பழுதானவை 100இல் ஒன்று, கேரியர்கள் கிட்டத்தட்ட 50 பேரில் ஒருவர். 1908இல் கணிதவியலாளர் ஹார்டியும், மேலே சொன்ன அதே வைன்பெர்க்கும் தனித்தனியே எழுதிய விதி இது. அபூர்வமான நோய்க்கு இத்தனை கேரியர்களா என்று முதலில் கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். நோயாளியின் ஆரோக்கியமான தங்கை வெளியே யாரையாவது மணந்தால் குழந்தைக்கு வாய்ப்பு, மூன்றில் இரண்டு பெருக்கல் ஐம்பதில் ஒன்று பெருக்கல் நான்கில் ஒன்று: 300இல் ஒன்று. குடும்பத்தில் அண்ணனுக்கு நோய் இருந்தும் இவ்வளவுதான். உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் தங்களுக்குள் மணந்தால், குடும்பத்தில் யாருக்கும் இதுவரை நோய் இல்லாவிட்டாலும், 10,000இல் ஒன்று என்பது சுமார் 1,400இல் ஒன்றாகிறது. ஏழு மடங்கு என்று சொன்னால் பயங்கரமாக இருக்கிறது. 1,400இல் ஒன்று என்றால் அப்படி இல்லை. இரண்டும் ஒரே தகவல்தான். இரண்டையும் சேர்த்துச் சொல்லாதவர் ஏதோ ஒரு பக்கம் உங்களைத் தள்ளப் பார்க்கிறார் என்று கொள்ளலாம்.

"எங்கள் பரம்பரையிலேயே கிடையாது" என்பதும் முழுக் காப்பு அல்ல. ஒவ்வொரு குழந்தையும் பெற்றோர் இருவரிடமும் இல்லாத அறுபது, எழுபது புதிய பிறழ்வுகளோடுதான் பிறக்கிறது. பெரும்பாலானவை எந்த விளைவும் இல்லாதவை. ஏகோண்ட்ரோபிளேசியா என்ற குள்ளத்தன்மைக்கு ஒரே ஒரு பழுதான பிரதி போதும். ஆனாலும் அதோடு பிறப்பவர்களில் சுமார் 80 சதவீதத்தினரின் பெற்றோர் சராசரி உயரக்காரர்கள், பிறழ்வு புதிதாக நேர்ந்தது. அப்பாவின் வயது கூடக்கூட இந்த வாய்ப்பும் கூடும். விக்டோரியா ராணியின் மகன் லியோபோல்டுக்கு ஹீமோஃபீலியா இருந்தது, மகள்களில் குறைந்தது இருவர் கேரியர்கள். ராணிக்கு முன்னால் அந்தக் குடும்பத்தில் அதற்கு அடையாளமே இல்லை. அவர் பிறந்தபோது அவருடைய அப்பாவுக்கு வயது 51.

பழுது இருந்தும் நோய் வராமல் இருப்பதும், வருவதற்கு வயதாவதும் உண்டு. மூளை நரம்புகளைச் சிதைக்கும் ஹன்டிங்டன் நோய்க்குப் பழுதான ஒரு பிரதி போதும், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் குழந்தைக்கு இரண்டில் ஒன்று. ஆனால் அறிகுறிகள் பெரும்பாலும் நடுவயதில்தான் தலைகாட்டும். அறிகுறியே இல்லாமல் ஒருவர் 60 வயதைத் தாண்டியிருந்தால், ஹீமோஃபீலியாவில் போட்ட அதே வகைக் கணக்கில், அவருக்கான எண் இரண்டில் ஒன்றைவிட நன்றாகக் குறைந்திருக்கும்.

சரி, இப்போது இரண்டாவது கேள்விக்கு வரலாம். நிறம், உயரம், கண் இவற்றையெல்லாம் இப்படிச் சொல்ல முடியுமா? முதலில் ஒரு எச்சரிக்கை: ஒரே பண்பு என்று நாம் பார்ப்பது ஒரே மரபணுவாக இருக்க வேண்டியதில்லை. காது கேளாத இருவர் மணந்துகொள்கிறார்கள், இருவருக்கும் ஒடுங்கு வகை மரபணுக் காரணம், அதாவது இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் வெளிப்படும் வகை. குழந்தைகள் எல்லோருக்கும் காது கேட்காமல் போகும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் காது கேளாமைக்குக் காரணமாகக்கூடிய மரபணுக்கள் நூற்றுக்கு மேல். அப்பாவுக்கு ஒன்றில் பழுது, அம்மாவுக்கு வேறொன்றில் பழுது என்றால், குழந்தைக்கு ஒவ்வொன்றிலும் நல்ல பிரதி ஒன்று வந்துவிடும்; எல்லாக் குழந்தைகளுக்கும் காது நன்றாகக் கேட்கும். இருவருக்கும் ஒரே மரபணுவில் பழுது என்றால் ஒரு குழந்தைக்கும் கேட்காது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு தம்பதிகளுக்கும் வித்தியாசமே தெரியாது.

ரத்த வகை கணக்குக்கு நன்றாக ஒத்துழைக்கும் பண்பு. ஏ, பி, ஓ என்பவை ஒரே மரபணுவின் மூன்று மாற்று வடிவங்கள் என்று 1924இல் ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் காட்டினார். ஏபி வகைக்காரருக்கும் ஓ வகைக்காரருக்கும் பிறக்கும் குழந்தை ஏ அல்லது பி. ஏபியும் வராது, ஓவும் வராது. இதை வைத்துக்கொண்டு பெற்றோரைச் சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1952இல் பம்பாயில் பெண்டேயும் சக மருத்துவர்களும் ஒரு அபூர்வ வகையைக் கண்டறிந்தார்கள். பம்பாய் வகைக்காரரின் மரபணு ஏ அல்லது பி என்று இருந்தாலும், அதற்கு அடித்தளமான ஹெச் பொருள் உடலில் உருவாகாததால் சாதாரணப் பரிசோதனையில் ஓ என்றே காட்டும். அப்படிப்பட்ட "ஓ" அம்மாவுக்கும் ஓ வகை அப்பாவுக்கும் ஏ வகைக் குழந்தை பிறக்கலாம். ரத்த வகையை மட்டும் வைத்துக் குடும்பத்தில் கலகம் மூட்டுவது தவறு. அதற்கு டிஎன்ஏ பரிசோதனை இருக்கிறது.

கண் நிறத்தையும் நாக்கைச் சுருட்டுவதையும் ஒற்றை மரபணுப் பண்புகள் என்று பல தலைமுறை மாணவர்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறோம். நாக்கு விஷயம் 1940இல் ஸ்டர்ட்வன்ட் என்ற பெரிய மரபியலாளர் எழுதியது. 1952இல் ஒரே கருவில் உருவான இரட்டையர்களைப் பார்த்தபோது, ஒருவர் சுருட்டுகிறார், மற்றவரால் முடியவில்லை என்ற ஜோடிகள் கிடைத்தன. ஸ்டர்ட்வன்டே பின்னாளில் தன் கருத்தைக் கைவிட்டார், வகுப்பறைகள் கைவிடவில்லை. கண் நிறத்தில் 15ஆம் குரோமோசோமில் அருகருகே உள்ள இரண்டு மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது உண்மை, ஆனால் வேறு பலவும் கை வைக்கின்றன. நீலக் கண் பெற்றோருக்குப் பழுப்புக் கண் குழந்தை பிறப்பது அபூர்வம்தான், நடக்கவே நடக்காது என்பதில்லை.

உயரத்துக்கு வந்தால் கட்டம் போட்டு விளையாடுவதே முடியாத காரியம். 2022இல் 54 லட்சம் பேரின் மரபணுத் தகவலை வைத்து நடந்த ஆய்வில் உயரத்தோடு தொடர்புள்ள 12,111 இடங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் மில்லிமீட்டர் கணக்கில் கூட்டும், குறைக்கும். இத்தனை நாணயங்களைச் சுண்டி, விழுந்த தலைகளை எண்ணுவதைப் போன்ற நிலை இது: ஒவ்வொரு நாணயமும் எப்படி விழும் என்று சொல்ல முடியாது, மொத்தம் எந்தச் சுற்று வட்டாரத்தில் இருக்கும் என்று சொல்லிவிடலாம். எண்ணற்ற மெண்டல் மரபணுக்கள் சேர்ந்தால் உயரம் போன்ற தொடர்ச்சியான பண்பு தானே உருவாகும் என்று 1918இலேயே ரொனால்ட் ஃபிஷர் கணிதத்தால் காட்டிவிட்டார். ஒரு மரபணுகூட அப்போது கையில் இல்லை.

குழந்தை மருத்துவர்கள் பயன்படுத்தும் சூத்திரம் எளிமையானது. அப்பா, அம்மா உயரங்களைக் கூட்டி, பையன் என்றால் 13 செ.மீ. சேர்த்து, பெண் என்றால் 13 செ.மீ. கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். அப்பா 172, அம்மா 158 என்றால் மகனுக்கு 171.5, மகளுக்கு 158.5. இந்த எண்ணோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு இரு பக்கமும் 8.5 செ.மீ. இடம் விட வேண்டும். மகன் 163 ஆகவும் இருக்கலாம், 180 ஆகவும் இருக்கலாம், இரண்டுமே இயல்பு. சூத்திரத்தின் பயன் வருங்காலத்தைச் சொல்வதில் இல்லை. குழந்தை அந்த எல்லைக்கு வெகு கீழே வளர்ந்துகொண்டிருந்தால் காரணத்தைத் தேட வேண்டும் என்று எச்சரிப்பதில்தான்.

இந்தச் சூத்திரம் ஒன்றை விட்டுவிடுகிறது. 1886இல் பிரான்சிஸ் கால்டன், 205 பெற்றோர் ஜோடிகளின் உயரங்களையும் வளர்ந்துவிட்ட 928 பிள்ளைகளின் உயரங்களையும் திரட்டி ஒப்பிட்டுப் பார்த்தார். பெண்களின் உயரத்தை 1.08ஆல் பெருக்கி ஆண்களோடு ஒப்பிட்டார். பெற்றோர் சராசரியைவிட எவ்வளவு உயரமோ, அதில் மூன்றில் இரண்டு பங்குதான் பிள்ளைகளிடம் சராசரியாகத் தென்பட்டது. நெட்டையான பெற்றோருக்கு நெட்டையான பிள்ளைகள்தான், ஆனால் அவ்வளவு நெட்டை இல்லை. குட்டையானவர்களுக்கும் இதே கதை, எதிர்த்திசையில். சில பெற்றோர் இதைக் கேட்டு வருத்தப்படுவார்கள். ஒருவர் மிக உயரமாக இருப்பதற்கு மரபணுவோடு வேறு சில சாதகமான சூழ்நிலைகளும் கூடிவந்திருக்கும். அவை பிள்ளைக்கு அப்படியே கைமாறுவதில்லை, அவ்வளவுதான்.

ஒரே பெற்றோருக்குப் பிறந்தவர்கள் ஏன் இவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. 23 ஜோடிக் குரோமோசோம்களில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றைப் பொறுக்கினாலே ஒருவரால் 83,88,608 விதமான விந்தணுக்களையோ கருமுட்டைகளையோ உருவாக்க முடியும். ஜோடிகள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதைக் கணக்கில் சேர்த்தால் எண்ணிக்கைக்கு முடிவே இல்லை. உடன்பிறந்தவர்கள் பாதி டிஎன்ஏவைப் பகிர்கிறார்கள் என்பதும் சராசரிதான். அளந்து பார்த்த ஜோடிகளில் அது 37 சதவீதத்திலிருந்து 62 சதவீதம் வரை இருந்தது.

உயரத்தின் பாரம்பரியத்தன்மை 80 சதவீதம் என்று அடிக்கடி படித்திருப்பீர்கள். உங்கள் உயரத்தில் 80 சதவீதம் மரபணு, 20 சதவீதம் சாப்பாடு என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட கூட்டத்தில், ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது என்பதன் அளவு அது. சூழல் மாறினால் அந்த எண்ணும் மாறும். தென் கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரு நூற்றாண்டில் ஏறத்தாழ 20 செ.மீ. கூடியது, அதற்குள் மரபணுக்கள் மாற நேரமே இல்லை. முன்னே சொன்ன பீனைல்கீட்டோனூரியா இன்னும் தெளிவு. இரண்டு பிரதியும் பழுது, மரபணுவில் ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் பிறந்த சில நாளிலேயே கண்டுபிடித்து, பீனைல்அலனின் குறைந்த உணவு கொடுத்து வளர்த்தால், மூளை பாதிக்கப்படாமல் குழந்தை நன்றாக வளர்ந்துவிடுகிறது. மரபணுவை நூறு சதவீதம் தெரிந்துகொண்டாலும் பண்பை அப்படிச் சொல்லிவிட முடியாது.

தோல் நிறமும் பல மரபணுப் பண்புதான். பெற்றோர் இருவருக்கும் இடைப்பட்டதாகவே வர வேண்டும் என்றில்லை, இருவரையும்விடக் கறுத்தோ வெளுத்தோ வரலாம். புத்திசாலித்தனத்தைப் பற்றிக் குறைவாகச் சொல்வதே நியாயம். ஆயிரக்கணக்கான இடங்கள், ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. வீடு, பள்ளி, உடல்நலம் எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. பெற்றோரைப் பார்த்துப் பிள்ளையின் மூளையைக் கணிப்பவர்களை நான் நம்புவதில்லை.

கடைசியாக, பணம் வாங்கிக்கொண்டு, செயற்கைக் கருத்தரிப்பில் உருவான கருக்களுக்கு மரபணுவைப் பார்த்து உயரம், புத்தி மதிப்பெண் போட்டுத் தருகிறோம் என்று சொல்பவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். தலசீமியா போன்ற ஒற்றை மரபணு நோய்க்குக் கருவைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பது நன்கு நிலைபெற்ற முறை, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மதிப்பெண் வியாபாரம் வேறு. 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பத்துக் கருக்களில் உயரத்துக்கு அதிக மதிப்பெண் பெற்றதைத் தேர்ந்தெடுத்தால் என்ன கிடைக்கும் என்று கணக்கிட்டது. சராசரிக் கருவைவிட எதிர்பார்க்கக்கூடிய கூடுதல் உயரம் சுமார் 2.5 செ.மீ. பெற்றோரின் உயரத்தை அளந்து போடும் அந்தச் சாதாரணச் சூத்திரமே இரு பக்கமும் 8.5 செ.மீ. இடம் விடச் சொல்கிறது.